ஊராட்சிக்குப் பேரிடர் நிதி: எதை எந்த வாசலில் கேட்பது?

கஜா புயல் அடித்து ஓய்ந்த அடுத்த வருடம் எங்கள் ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு மனு எழுதினோம். "எங்கள் ஊராட்சிக்குப் பேரிடர் நிதியிலிருந்து பத்து லட்சம் ஒதுக்க வேண்டும்." அவ்வளவுதான் மனு. திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தோம், ரசீது வந்தது, மூன்று மாதம் கழித்து ஒற்றை வரியில் முடித்துவிட்டார்கள். அன்றைக்குக் கோபம். இப்போது யோசித்தால், அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஊராட்சிக்கென்று பேரிடர் நிதி என்று தனியாக ஒரு கணக்கு கிடையாது. பணம் நாலு இடத்தில் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் வாசல் வேறு.

பெரிய பணம் மாநிலப் பேரிடர் நிதியில் இருக்கிறது, ஒன்றிய அரசு 75, மாநிலம் 25 என்ற பங்கில். ஒன்றிய அரசின் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று பரிந்துரைப்பது நிதிக்குழு; 2021 முதல் 2026 வரைக்கான 15-வது நிதிக்குழு கணக்குப்படி அதில் நூறு ரூபாய் என்றால் 40 மீட்புக்கும் நிவாரணத்துக்கும், 30 மறுசீரமைப்புக்கும், 10 முன்தயாரிப்புக்கும் பயிற்சிக்கும், மீதி 20 பாதிப்பை முன்கூட்டியே குறைக்கும் வேலைகளுக்கான தணிப்பு நிதிக்கும். உயிரிழப்பு உதவித்தொகையும் வீட்டு இழப்பீடும் அந்த 40-இல் வரும். நாம் கேட்கப் போவது 10-இலும் 20-இலும். 2026 ஏப்ரலிலிருந்து 16-வது நிதிக்குழு காலம் என்பதால், மனுவில் சதவீதம் எழுதுவதற்கு முன் நடப்பு அரசாணையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தப் பணத்தை ஊராட்சி நேராகத் தொட முடியாது. ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வழியாகத்தான் வரும். அந்த ஆணையம் ஒரு மாவட்டத் திட்டம் வைத்திருக்கும், அதை ஆண்டுதோறும் திருத்த வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டமே சொல்கிறது. அந்தத் திட்டத்தில், எளிதில் பாதிக்கப்படும் பகுதிகள் பட்டியலில் உங்கள் ஊர் இருக்கிறதா, எந்த வகையில் போட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். மாவட்ட இணையதளத்தில் கிடைக்கும். ஊர்ப் பேரே இல்லை என்றால் ஜெனரேட்டர், படகு என்று பேசுவதெல்லாம் வீண், பட்டியலில் ஏறுவதுதான் முதல் வேலை. விஏஓ, வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று கீழிருந்து தகவல் போகும். அவர்களிடம் "ரொம்பத் தண்ணி வந்துச்சு சார்" என்று சொல்லிப் பயனில்லை. எந்தத் தேதியில், எந்தத் தெருவில், முழங்காலா இடுப்பா, எத்தனை குடும்பம் எந்தப் பள்ளிக்கூடத்தில் எத்தனை நாள் தங்கியது என்று ஒரே பக்கத்தில் எழுதி, போட்டோவும் சேர்த்துக் கொடுங்கள்.

இரண்டாவது வாசல் ஊராட்சியின் சொந்த வளர்ச்சித் திட்டம். 15-வது நிதிக்குழு காலத்தில் (2021–26) ஊராட்சிக்கு வந்த மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீர், சுகாதாரம் சார்ந்தவற்றுக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்று விதி இருந்தது, 40 சதவீதம் ஊர்த் தேவைக்கு. சம்பளத்துக்குத் தொடக்கூடாது என்றும் இருந்தது. கஜா சமயத்தில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல், மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்ற வாடகை ஜெனரேட்டருக்கு அலைந்தது எங்கள் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. அதனால் ஜெனரேட்டரைப் பேரிடர் என்று கேட்காமல் குடிநீர் என்று கேட்டுப் பாருங்கள். பொருள் ஒன்றுதான், தலைப்பு மாறினால் கோப்பு நகரும்.

அடுத்த நிதியாண்டுக்கான திட்டம் அக்டோபர் 2 கிராம சபையை ஒட்டித் தயாராகத் தொடங்கும். அன்றைக்குத் தீர்மானம் எழுதும்போது கூடவே இருந்து பொருளின் பெயர், எண்ணிக்கை, வைக்கப்போகும் இடம் மூன்றும் பதிவேட்டில் ஏறுகிறதா என்று பாருங்கள். "ஆவன செய்ய வேண்டும்" என்று முடிகிற தீர்மானத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. 27 மாவட்டங்களில் 2025 ஜனவரியில் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். அப்படி இருக்கும் ஊர் என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாமல் நிதிக்குழு மானியம் சிக்கலாகும், வட்டார வளர்ச்சி அலுவலரிடம் (பிடிஓ) முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது வாசல், கட்டடம், பாலம், சுற்றுச்சுவர் என்றால் எம்எல்ஏ நிதி (தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி), எம்பி நிதி (5 கோடி). இங்கே பணத்தைவிட நிலம்தான் தகராறு. புயல் மையம் கட்டிக்கொடுங்கள் என்று எல்லா ஊரும் கேட்கும். தகராறில்லாத புறம்போக்கு எது, சர்வே எண் என்ன, மழையில் லாரி போக வழி உண்டா என்று நில அளவைப் புலப்படத்தோடு வருகிற ஊருக்குத்தான் காரியம் ஆகும். நாலாவது, ஊரும் அரசும் சேர்ந்து பணம் போடுகிற நமக்கு நாமே திட்டம். அதில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை ஊர் போட வேண்டும். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற ஊராக இருந்தால் இது சுலபமான வழி. பள்ளிக்கூடக் கழிப்பறைக்கு நாங்கள் இதைத்தான் பிடித்தோம், புயல் நேரத்தில் தங்குகிற பெண்களைக் கேட்டால் அது எவ்வளவு முக்கியம் என்று சொல்வார்கள்.

எந்த வாசலானாலும் ஊராட்சி ஒன்றிய ஓவர்சியர் போடுகிற மதிப்பீடு வேண்டும், அப்புறம் நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி. வாங்குகிற பொருள் என்றால் கொட்டேஷன். "யார் பராமரிப்பது, டீசல் யார் போடுவது?" என்று கட்டாயம் கேட்பார்கள். பதில் தயாராக இல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். ஊரில் பேரிடர்த் தன்னார்வலர்களுக்கான ஆப்த மித்ரா பயிற்சி முடித்த இளைஞர்களோ, வருவாய்த்துறை பட்டியலில் உள்ள முதல்நிலை மீட்பாளர்களோ இருந்தால் அவர்கள் பெயரை எழுதுங்கள், மனுவுக்குப் பலம் கூடும்.

மழைக்கு முன் வேலை முடிய வேண்டும் என்றால் மே 1 கிராம சபைக்குள் தீர்மானமும் மதிப்பீடும் கையில் இருக்க வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் பருவமழை ஆய்வுக் கூட்டங்கள் நடக்கும்போது போய் நின்றால், ஏற்கெனவே கோப்பில் இருப்பதைத்தான் பேசுவார்கள். பணம் வந்தபின் பில், இருப்புப் பதிவேடு, பயன்பாட்டுச் சான்றிதழ் மூன்றையும் சுணங்காமல் முடித்துவிடுங்கள், பழைய கணக்கு நிலுவையில் இருந்தால் அடுத்த முறை அதையே காட்டித் திருப்பி அனுப்புவார்கள்.

எங்களுக்குக் கடைசியில் கிடைத்தது ஒரு ஜெனரேட்டர், இரண்டு மரம் அறுக்கும் மெஷின். வருடா வருடம் செப்டம்பரில் ஊராட்சி அலுவலக வாசலில் வைத்து ஓட்டிப் பார்க்கிறோம். போன தடவை ஒன்று ஸ்டார்ட் ஆகவில்லை, பழைய பெட்ரோல் உள்ளேயே கிடந்து கார்புரேட்டர் அடைத்திருந்தது.