சந்தா கட்டும் முன் அரை மணி நேரச் சோதனை
பொழுதுபோக்குக்காக மட்டும் இணையத்தில் மாயாஜாலச் சாகச விளையாட்டு தேடுபவர்கள், மாதச் சந்தா கட்டும் முன் இரண்டு மூன்று விளையாட்டுகளின் இலவசப் பதிப்பைத் தலா அரை மணி நேரம் ஆடி, அதற்குள் ஒரு பணியையாவது முழுதாக முடிக்க முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். முன்னோட்டக் காணொளிகளில் எல்லா டிராகன்களும் ஒன்றுபோலத்தான் மிரட்டும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஆடும்போதுதான், வாள் வீசும் நேரத்தைவிட ஊர் விட்டு ஊர் ஓடும் நேரம் அதிகம் என்பது பிடிபடும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டை 20ஆம் நிலை வரையிலும், ஃபைனல் ஃபேன்டசி 14-ஐ 70ஆம் நிலை வரையிலும் இலவசமாக ஆடலாம். கில்டு வார்ஸ் 2-க்கு மாதச் சந்தாவே இல்லை என்பதால், பத்து நாள் தொடாமல் கிடந்தாலும் காசு வீணாகாது. நண்பர்களுடன் சேர்ந்து இறுதி நிலைப் பெரும்போர்களில் இறங்க விரும்புபவர்களுக்கு இந்தச் சோதனை உதவாது, ஏனெனில் அவை இலவச எல்லைக்கு அப்பால் உள்ளன.