டாவ் புரதத்தை வீட்டுக் கணினியிலேயே அலசிப் பார்ப்பது எப்படி?

அல்சைமர் என்றாலே மறதி என்று சொல்லி முடித்துவிடுகிறோம். மூளைக்குள் என்ன கெடுகிறது என்பதை ஒரு புரதத்தின் வடிவத்தை வைத்தே ஓரளவு பார்த்துவிடலாம், அதற்கு ஆய்வகம் வேண்டாம், இணைய வசதியுள்ள ஒரு கணினி போதும். நாம் எடுத்துக்கொள்ளப் போவது டாவ். நரம்புச் செல்லுக்குள் இருக்கும் நுண்குழல்களைத் தாங்கிப் பிடிப்பது இதன் வேலை. அல்சைமர் வந்தவர்களின் மூளையில் இது குழலை விட்டுக் கழன்று, ஒன்றோடொன்று ஒட்டி, இழை இழையாகத் திரண்டு கிடக்கிறது.

படி 1: அமினோ அமில வரிசையை எடுங்கள்

புரதங்களின் விவரங்களைத் தொகுத்து வைத்திருக்கும் யூனிப்ராட் தளத்தில், பி என்ற ஆங்கில எழுத்தோடு 10636 சேர்த்துத் தேடுங்கள். முதலில் கண்ணில் படுவது 758 அமினோ அமிலங்கள் கொண்ட வடிவம். அதை எடுக்காதீர்கள்! மூளை ஆய்வுக் கட்டுரைகள் பேசுவது 441 கொண்ட வடிவத்தைப் பற்றி. அதே பக்கத்தில் கீழே, டாவ்-எஃப் என்ற பெயரில் இருக்கும். இதைக் கவனிக்காமல் விட்டால், கட்டுரை 306 என்று சொல்லும் இடம் உங்களுக்கு 623-இல் கிடைக்கும், அப்புறம் எதுவுமே பொருந்தாது.

படி 2: ஒட்டும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

டாவ்-எஃப்பின் ஃபாஸ்டா கோப்பை (வரிசையை எழுத்துகளாகத் தரும் கோப்பு) இறக்கித் திறந்தால், தலைப்பு வரியை விட்டு ஒவ்வொரு வரியிலும் 60 எழுத்துகள்; ஓர் எழுத்து ஓர் அமினோ அமிலம். ஆறாவது வரியில் பி-ஜி-ஜி-ஜி-எஸ் முடிந்ததும் வி-க்யூ-ஐ-வி-ஒய்-கே வருகிறதா? இந்த ஆறு எழுத்துத் துண்டுதான் டாவ் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள முக்கியக் காரணம். அதே வரியின் முதல் எழுத்தையும் பாருங்கள். 301-ஆம் இடத்துப் புரோலின். அது லியூசினாக மாறினாலே பரம்பரையாக வரும் ஒரு வகை டிமென்ஷியா உண்டாகிறது. ஒரே ஒரு எழுத்து!

படி 3: வடிவத்தைச் சுழற்றிப் பாருங்கள்

புரதங்களின் முப்பரிமாண வடிவங்களைச் சேமித்து வைக்கும் புரோட்டீன் டேட்டா பேங்க் தளத்தில் 5, ஓ, 3, எல் என்று தேடுங்கள் (நடுவில் வருவது ஓ எழுத்து, பூஜ்ஜியம் அல்ல). அல்சைமரால் இறந்த ஒருவரின் மூளையிலிருந்து இழைகளைப் பிரித்தெடுத்து, கேம்பிரிட்ஜில் கிரையோ எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் (உறையவைத்த மாதிரியைப் படமெடுக்கும் கருவி) மூலம் கண்டறிந்து 2017-இல் வெளியிட்ட வடிவம் இது. 3டி காட்சியில் இழையின் நீளவாக்கில் பார்த்தால் இரண்டு 'சி' வடிவங்கள் முதுகோடு முதுகாக நிற்கும். தெரிவது 306 முதல் 378 வரைதான். மீதிப் பகுதியும் அங்கேதான் இருக்கிறது, ஆனால் நிலையில்லாமல் அசைவதால் படத்தில் பதியவில்லை.

படி 4: இன்னொரு நோயோடு ஒப்பிடுங்கள்

இப்போது 6, ஜி, எக்ஸ், 5. இது பிக் நோய் என்ற இன்னொரு வகை டிமென்ஷியாவில் கிடைத்த வடிவம். புரதம் அதே டாவ்தான், ஆனால் 'ஜே' எழுத்துபோல நீளமாக மடிந்திருக்கிறது. நோய்க்கு நோய் மடிப்பு மாறுகிறது என்பதை நீங்களே கண்ணால் பார்த்துவிட்டீர்கள்.

வேறு டாவ் வடிவங்களைத் திறக்கும்போது, 'எக்ஸ்பிரஷன் சிஸ்டம்' என்ற இடத்தில் ஈ. கோலை என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பாக்டீரியாவில் தயாரித்த புரதம். அப்படிப்பட்ட புரதத்தோடு ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) சேர்த்து ஆய்வகத்தில் திரட்டிய டாவ் இழைகளின் மடிப்பு, அல்சைமர் மூளையில் கிடைத்ததோடு ஒத்துப்போகவில்லை. அதனால் மருந்து எங்கே ஒட்டும் என்று தேடப்போகிறவர்கள் மூளையிலிருந்து எடுத்த வடிவத்திலிருந்தே தொடங்குங்கள்.