மரபுடைமை நடைக்குச் செல்வோர் கவனத்திற்கு

வழிகாட்டியுடன் செல்லும் மரபுடைமை நடைக்குப் பதிவு செய்ததும் பலர் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவையே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் சிங்கப்பூர்த் தமிழரின் தொடக்கக் கதையை அறிய விரும்புவோர் தெலுக் ஆயர் ஸ்திரீட்டிலிருந்து தொடங்குவதே நல்லது என்பேன். இன்று வானுயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே கிடக்கும் அந்தத் தெரு, 19ஆம் நூற்றாண்டில் கடல் தூர்க்கப்படும்வரை கரையோரமாகவே இருந்தது. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் முதலில் நன்றி செலுத்த நினைத்ததால்தான், 1830ஆம் ஆண்டுவாக்கில் கட்டி முடிக்கப்பட்ட நாகூர் தர்காவும், குடிசையாகத் தொடங்கியதால் ‘குச்சுப் பள்ளி’ என்று நம்மவர் அழைத்த அல்-அப்ரார் பள்ளிவாசலும், சீனர்களின் தியான் ஹோக் கெங் ஆலயமும் ஒரே தெருவில் அமைந்தன. பழைய கரை எங்கே இருந்தது என்று வழிகாட்டியிடம் கேளுங்கள்; அந்த ஒரு கேள்வியிலேயே தெருவின் தோற்றம் மாறிவிடும்.

அங்கிருந்து நடக்கும் தொலைவில், பினாங்கிலிருந்து 1819இல் வந்த நாராயண பிள்ளை 1827இல் நிறுவிய ஸ்ரீ மாரியம்மன் கோயில் உள்ளது. நண்பகலில் கோயில் நடை சாத்தப்படுவதால் காலையில் செல்வதே வசதியானது. குடையும் தண்ணீரும் அவசியம். தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை வேண்டும்.

செல்வதற்கு முன்தினம், தேசிய நூலக வாரியத்தின் இணையச் செய்தித்தாள் தொகுப்பில், 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களில் அந்தத் தெருப் பெயரைத் தேடிப் பாருங்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், கால் வலிக்காத அளவுக்கு அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள்; வழிகாட்டி விட்டதை அவர்கள் சொல்வார்கள்.