மைலோ டின்னில் கிடக்கும் பழைய சில்லறை

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட வீடுகளைக் காலி செய்யும்போது பாட்டிமார்களின் மைலோ டின்னைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். உள்ளே 1967 சில்லறை இருக்கலாம். மலேசியா பிறந்தது 1963இல் என்றாலும், நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தன் சொந்தக் காசை வெளியிட்டது 1967இல்தான். அதுவரை 'மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ' காசுதான் புழங்கியது. நாடாளுமன்றக் கட்டடமும் பிறை நட்சத்திரமும் போட்ட அந்த முதல் வரிசையை 1989இல் செம்பருத்திப் பூ வரிசை வந்து ஓரங்கட்டியது.

ஒரு சென் காசு பழையதா என்று பார்க்கச் சின்னக் காந்தம் போதும். 1967இல் வந்தது வெண்கலம், ஒட்டாது. பின்னால் வந்தது செம்பு பூசிய இரும்பு, ஒட்டிக்கொள்ளும். பத்து சென் கிடைத்தால் ஆண்டைப் பாருங்கள்; 1971 என்றிருந்தால் தனியே எடுத்து வையுங்கள், அது அரிது. போலியும் உண்டு, அவசரப்பட்டு விற்காதீர்கள்.

முக்கியமாக, புளி போட்டுத் தேய்க்காதீர்கள்! குத்துவிளக்குக்குச் சரி, காசுக்கு ஆகாது. நானும் ஒரு பிடி காசைப் பளபளவென்று தேய்த்துவிட்டுத்தான் பழங்காசு வாங்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். விளிம்பைப் பிடித்து, காகித உறையில் தனித்தனியாகப் போட்டால் போதும்.