புதிதாகப் புரோ ஆன கோல்ஃபர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புரோ (தொழில்முறை ஆட்டக்காரர்) ஆகி ஓரிரு வருடமே ஆன இளைஞர்களோடு பயிற்சித் திடலில் என் பொழுது போகிறது. பந்தை அருமையாக அடிக்கிறார்கள். அந்த வயதில் எங்களுக்கு இவ்வளவு வேகமும் இல்லை, இவ்வளவு தெளிவும் இல்லை. ஆனால் திடலை விட்டு வெளியே வந்து அவர்கள் எடுக்கும் முடிவுகளைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. எங்கள் தலைமுறை எதெதில் பணத்தையும் வருடங்களையும் தொலைத்ததோ, அதையே ஒன்று விடாமல் திரும்பச் செய்கிறார்கள்.

நன்றாகத் தூங்குங்கள், விதிகளைப் படியுங்கள், டீ நேரத்துக்கு (ஆட்டம் தொடங்கும் நேரத்துக்கு) முன்னால் போய்ச் சேருங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். விவரம் தெரிந்தவர்களும் விழுகிற இடங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஒரே ஒரு நல்ல வாரத்தை நம்பிப் புரோ ஆவது

1998 ஓப்பன் சாம்பியன்ஷிப் இங்கிலாந்தின் ராயல் பர்க்டேலில் நடந்தது. ஜஸ்டின் ரோஸ் அப்போது 17 வயது அமெச்சூர். கடைசிக் குழியில் ரஃபிலிருந்து (ஓரத்து நீளப் புல்லிலிருந்து) அவர் அடித்த பந்து நேராகக் குழிக்குள் போனது. நான்காம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார், உடனே புரோ ஆனார். அதற்குப் பிறகு தொடர்ந்து 21 போட்டிகளில் கட் (போட்டியின் பாதியில் பின்தங்கியவர்களை வெளியேற்றும் வரம்பு) தாண்டவில்லை.

அதே ரோஸ்தான் 2013ல் யு.எஸ். ஓப்பனையும் 2016ல் ஒலிம்பிக் தங்கத்தையும் வென்றார். இதைச் சொல்லியே பலர் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளை உசுப்பேற்றுகிறார்கள். ஓப்பனில் கிடைத்த பெயரால் ரோஸுக்குப் போட்டி அழைப்புகள் வந்தன. தோற்றுக்கொண்டே ஆடுவதற்கு அவருக்கு இடம் இருந்தது. உங்களுக்கு அது இருக்காது.

புரோ ஆகலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் அவர்களுடைய சிறந்த சுற்றைப் பற்றி நான் விசாரிப்பதே இல்லை. காற்று அடிக்கும் நாளில், பழக்கமில்லாத மைதானத்தில், பட்டிங் (பந்தைக் குழிக்குள் உருட்டுவது) கைகொடுக்காதபோது எத்தனை அடித்தாய் என்றுதான் கேட்பேன். நல்ல நாளில் 18 குழிகளையும் 65 ஸ்ட்ரோக்கிலேயே (அடியிலேயே) முடிப்பவர்கள் எந்தத் தகுதிப் போட்டிக்குப் போனாலும் கூட்டமாக இருப்பார்கள். மோசமான நாளிலும் 73ஐத் தாண்டாதவர்தான் இந்தத் தொழிலில் நிற்கிறார்.

பெரிய டூரின் (தொழில்முறைப் போட்டித் தொடரின்) கதவு திறக்கவில்லை என்றால் சிறிய டூருக்குப் போவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. அமெரிக்கரான ப்ரூக்ஸ் கெப்கா 2012ல் புரோ ஆனதும் ஐரோப்பாவின் சேலஞ்ச் டூருக்குப் போனார். மொழி தெரியாத ஊர்களில் ஆடி அங்கே நான்கு போட்டிகளை வென்ற பிறகே மேலே வந்தார். இன்று அவரிடம் ஐந்து மேஜர் (ஆண்டின் நான்கு பெரிய போட்டிகள்) பட்டங்கள் இருக்கின்றன.

பரிசுத் தொகையைப் பார்த்துக் கணக்குப் போடுவது

பிஜிஏ டூரின் வழக்கமான போட்டிகளில் மொத்தப் பரிசில் சுமார் 18 சதவீதம் வெற்றியாளருக்குப் போகும். தொலைக்காட்சியில் எல்லோர் கண்ணிலும் படுவது அந்த எண்தான். முதல் 36 குழிகள் முடிந்து கட் விழும்போது வெளியேறுகிறவருக்கு வழக்கமான போட்டியில் எதுவும் கிடைக்காது. விமானச் செலவு, அறை வாடகை, பையைச் சுமந்து உதவும் கேடியின் வாரச் சம்பளம் எல்லாம் அதற்குள் கையை விட்டுப் போயிருக்கும். நன்றாக ஆடினாலும் கேடிக்குப் பங்கு உண்டு. வென்றால் 10 சதவீதம், முதல் பத்துக்குள் வந்தால் 7, மற்றபடி 5 என்பது பல காலமாக இருக்கும் வழக்கம். அப்புறம், ஆடிய நாட்டிலேயே வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள்.

ஆகவே ஒரு பரிசும் வராது என்று வைத்துக்கொண்டு முழு சீசனுக்கும் பணம் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்னும் ஒரு வருடம் பொறுங்கள். அடுத்த வாரத்து வாடகை தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது வெள்ளிக்கிழமை மாலை ஆறடி தூரத்துப் பந்தை நிதானமாகக் குழிக்குள் உருட்டிவிட எவராலும் முடியாது.

பணம் போடுகிறவர் ஒருவர் கிடைத்தால் ஒப்பந்தத்தை வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். என்னோடு ஆடிய ஒருவர் போட்ட ஒப்பந்தத்தில் முடிவுத் தேதியே இல்லை. வாங்கிய பணத்தைப் பல மடங்காகத் திருப்பிக் கொடுத்த பிறகும் வருமானத்தில் பங்கு போய்க்கொண்டே இருந்தது. எத்தனை வருடம், எத்தனை சதவீதம், எந்தத் தொகையை எட்டியதும் முடியும், செலவைக் கழித்த பிறகா முன்பா: இந்த நான்குக்கும் தாளில் பதில் இருக்க வேண்டும்.

சீசன் நடுவில் ஸ்விங்கைப் பிரித்துப் போடுவது

எத்தனையோ வருடமாகப் பார்த்தும் எனக்கு ஆறாத விஷயம் இது. நல்ல திறமைகள் அதிகம் வீணாவது இங்கேதான்.

எப்போதும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். கஷ்டப்பட்டு கார்டு (டூரில் ஆடும் உரிமை) வாங்குவார். முதல் மாதங்களில் ஒரு ஸ்ட்ரோக், இரண்டு ஸ்ட்ரோக்கில் கட் தவறும். ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) பக்கத்தில் நிற்பவருடைய பந்து முப்பது கஜம் தள்ளிப் போய் விழும். அன்று இரவே வீடியோவை ஓட்டி ஓட்டிப் பார்ப்பார். கார்டு வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர் போதவில்லை என்று தோன்றும். புதியவர் வருவார், புதிய கோணங்கள் வரும். வலப்பக்கம் மெல்ல வளைந்து விழும் ஃபேடை வைத்துப் பத்து வருடம் ஆடியவர், தூரத்துக்காக இடப்பக்கம் வளையும் ட்ரா அடிக்கப் பார்ப்பார்.

டவுன்ஸ்விங், அதாவது கிளப் (அடிக்கும் கோல்) மேலிருந்து பந்துக்கு இறங்குவது, கால் நொடியில் முடிந்துவிடும். அதற்குள் யோசித்துத் திருத்த நேரமில்லை, உடம்பு பழகியதைத்தான் செய்யும். ரேஞ்சில் தரை சமம், கிளப் அதே கிளப், ஸ்கோர் கிடையாது. அங்கே புதிய ஸ்விங் இரண்டே வாரத்தில் வந்துவிட்டது போலத் தெரியும். போட்டியில் இடப்பக்கம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது உடம்பு பழையதைத் தேடும். பிடியும் நிற்கும் நிலையும் புதியது, இறங்கும் பாதை பழையது. இரண்டும் சேர்ந்தால் பந்து எந்தப் பக்கம் போகும் என்று அடித்தவருக்கே தெரியாது.

இதில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது, பலரும் இதை யோசிப்பதில்லை. தவறு எப்போதும் வலப்பக்கமே போகும் ஒருவர் ஃபேர்வேயின் (குழியை நோக்கிப் புல் வெட்டிய பாதையின்) இடது ஓரத்தைக் குறிவைத்து முழு அகலத்தையும் பயன்படுத்தலாம். இரண்டு பக்கமும் தவறுகிறவர் நடுவைத்தான் பார்க்க முடியும். மைதானத்தின் ஒவ்வொரு ஃபேர்வேயும் அவருக்குப் பாதியாகக் குறுகிவிடுகிறது.

ஆஸ்திரேலியரான இயன் பேக்கர்-ஃபின்ச் 1991ல் ராயல் பர்க்டேலில் ஓப்பனை வென்றார். கடைசி இரண்டு சுற்றுகள் 64, 66. நேர்த்தியான ஆட்டம், அருமையான பட்டிங். நீளமாக அடிப்பவர் என்று பெயர் எடுத்தவர் இல்லை. பட்டம் கிடைத்த பிறகு இன்னும் தூரம் வேண்டும் என்று ஸ்விங்கை மாற்றத் தொடங்கினார். 1995 ஓப்பனில், செயின்ட் ஆண்ட்ரூஸின் முதல் குழியில், அவர் பந்து இடப்பக்கம் எல்லைக்கு வெளியே போனது. முதல் குழியும் 18ம் குழியும் ஃபேர்வேயைப் பகிர்ந்துகொள்ளும் இடம் அது. அதைவிட அகலமான ஃபேர்வே கோல்ஃபில் கிடைப்பது அரிது. 1997ல் ராயல் ட்ரூனில் முதல் சுற்றில் 92 அடித்துவிட்டு விலகினார். அத்தோடு அவருடைய போட்டி வாழ்க்கை முடிந்தது போலத்தான். ஓப்பனை வென்று ஆறே வருடம். அந்த நாட்களிலும் ரேஞ்சில் அவர் அழகாகவே அடித்தார் என்பதுதான் எனக்கு மிகவும் வலிப்பது.

நிக் ஃபால்டோவும் மாற்றித்தானே ஜெயித்தார் என்று உடனே கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். டேவிட் லெட்பெட்டரோடு சேர்ந்து 1980களின் நடுவில் ஸ்விங்கை முழுவதும் புதிதாகக் கட்டினார். 1987ல் முயர்ஃபீல்டில் கடைசிச் சுற்றின் 18 குழிகளிலும் பார் (அந்தக் குழிக்கு வகுத்த ஸ்ட்ரோக் எண்ணிக்கை) எடுத்து ஓப்பனை வென்றார். மொத்தம் ஆறு மேஜர்கள். ஆனால் மாற்றத்துக்குக் கை வைக்கும் முன் 1983ல் ஐரோப்பிய டூரின் வருமானப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தவர் அவர். கார்டு போய்விடும் என்ற பயம் இல்லை. அழுத்தத்தில் எது உடைகிறது என்று சரியாகத் தெரிந்து வைத்திருந்தார். அந்த மாற்றம் முழுவதும் ஒரே பயிற்சியாளரின் பேச்சை மட்டும் கேட்டார். முடிவு தெரிய வருடக்கணக்காகும் என்று ஏற்றுக்கொண்டுதான் இறங்கினார். இந்த நான்கில் ஒன்றுகூட இல்லாத முதல் வருடப் புரோ, ஃபால்டோவின் பெயரைச் சொல்வதில் நியாயமில்லை.

நான் அறிந்த ஒருவர் நூறு கஜத்துக்குள் வெட்ஜை (பந்தை உயரத் தூக்கும் கிளப்பை) எடுத்தால் பார்க்கிறவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். டிரைவ் (குழியின் முதல் நீள அடி) குட்டை. அந்த வெட்ஜை வைத்தே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தூரத்தைத் துரத்தப் போய் முதலில் டிரைவர் கெட்டது. முழு ஸ்விங்கின் புதிய அசைவு மெல்ல வெட்ஜுக்குள்ளும் நுழைந்தது. கார்டு போன பிறகு பழைய ஸ்விங்குக்கே திரும்ப நினைத்தார். அது கிடைக்கவில்லை. பழைய வீடியோவில் பார்க்க முடிந்ததை அவரால் உடம்பில் உணர முடியவில்லை.

தூரத்துக்கு மதிப்பில்லை என்று நான் சொல்லவில்லை. மார்க் பிராடி என்ற பேராசிரியர் உருவாக்கிய ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட் கணக்கு, நல்ல ஆட்டக்காரரைச் சாதாரண ஆட்டக்காரரிடமிருந்து பிரிப்பது பெரும்பாலும் நீளமான ஷாட்டுகள்தான் என்று காட்டியது. அதை மறுக்க முடியாது. அந்தத் தூரத்தை உடற்பயிற்சியிலும், உங்களுக்குப் பொருந்தும் டிரைவரிலும், சீசன் முடிந்த ஓய்வு மாதங்களிலும் தேடுங்கள்.

கட் தவறும் காலத்தில் முதலில் செய்ய வேண்டியது, ஸ்ட்ரோக்குகள் எங்கே போகின்றன என்று ஒவ்வொரு சுற்றுக்கும் எழுதிவைப்பது. ஒரு ஸ்ட்ரோக்கில் கட் தவறியவருக்குப் பெரும்பாலும் இரண்டு சிப்பும் (குழிக்கு அருகிலிருந்து சிறிதாகத் தூக்கி அடிப்பதும்) ஒரு தவறான கிளப் தேர்வும்தான் வித்தியாசம். ஸ்விங்கையே பார்த்தாக வேண்டும் என்றால் பிடி, குறிவைக்கும் திசை, பந்து இருக்கும் இடம், நிற்கும் நிலை, இவற்றை மட்டும் பாருங்கள். நமக்குத் தெரியாமல் நழுவுவது இவைதான். ஜாக் நிக்லஸ் உச்சத்தில் இருந்த காலத்திலும் ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் ஜாக் கிரவுட்டிடம் போய், முதல் பாடம் கற்பவரைப் போல அடிப்படையிலிருந்து சரிபார்த்துக்கொள்வார். சிறு வயதில் அவருக்குக் கற்றுக்கொடுத்த அதே கிரவுட்.

ஒவ்வொரு வாரமும் ஆடுவது

மூன்று வாரம் ஆடினால் ஒரு வாரம் ஓய்வு. முதுகும் மணிக்கட்டும் கெட்டால் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்புவது கடினம்.

கேடியைக் கூட்டத்துக்கு முன்னால் திட்டுவது

கூடாது.

ஸ்கோர் கார்டை அவசரமாகக் கொடுப்பது

1968 மாஸ்டர்ஸின் கடைசி நாள் ராபர்டோ டி விசென்சோவின் 45வது பிறந்தநாள். 17ம் குழியில் அவர் எடுத்தது 3. கூட ஆடிய டாமி ஏரன் கார்டில் 4 என்று எழுதிவிட்டார். டி விசென்சோ கவனிக்காமல் கையெழுத்திட்டார். எடுத்ததைவிட அதிகம் எழுதியிருந்தால் அந்த எண்தான் நிற்கும் என்பது விதி. சமநிலையை முறிக்கும் பிளே-ஆஃபில் ஆட வேண்டியவர் ஒரு ஸ்ட்ரோக்கில் இரண்டாம் இடத்துக்குப் போனார், வெற்றியாளருக்கான பச்சைக் கோட்டு பாப் கோல்பிக்குக் கிடைத்தது.

குறைத்து எழுதியிருந்தால் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். 2024 ஜெனிசிஸ் போட்டியில் 4 எடுத்த குழிக்கு 3 என்றிருந்த கார்டில் கையெழுத்திட்டு ஜோர்டன் ஸ்பீத் வெளியேறினார். மூன்று மேஜர்களை வென்றவருக்கே அது நடந்தது. சுற்று மோசமாக முடிந்த நாளில்தான் கை அவசரப்படும், கார்டைக் கொடுக்கும் கூடாரத்தை விட்டு ஓடிவிடத் தோன்றும். உட்காருங்கள். தண்ணீர் குடியுங்கள். ஒவ்வொரு குழியாக வாய்விட்டுப் படித்து, உங்கள் ஸ்கோரை எழுதியவரோடு ஒத்துப்பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பையில் உள்ள கிளப்புகளை எண்ணாமல் முதல் டீக்கு (தொடங்கும் இடத்துக்கு) போவது

பையில் 14 கிளப் வரைதான் இருக்கலாம். 2001 ஓப்பனின் கடைசி நாளில் இயன் வூஸ்னமின் பையில் 15வதாக ஒரு டிரைவர் கிடந்தது, இரண்டு ஸ்ட்ரோக் அபராதம்.