ஆள் உருவ நெட்டுக்கல் பாக்கப் போறீங்களா, இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

மென்ஹிர்னு, அதாவது பழங்காலத்துல நட்ட நெட்டுக்கல்லுன்னு, சொன்னாலே எல்லாரும் பிரான்ஸ்ல இருக்கிற கார்னாக் ஊர் போட்டோவத்தான் காட்டுறாங்க. அங்க 3000 கல்லுக்கு மேல வரிசையா நிக்குது, ஆனா அது வெறுங்கல்லு. நான் சொல்றது ஸ்டாச்சூ மென்ஹிர், கல்லையே ஆளா செதுக்கி நட்டது. தெற்கு பிரான்ஸ்ல ரூயெர்க் பக்கம் நிறைய, கி.மு. 3300ல இருந்து 2200க்குள்ள செஞ்சது.

பெரிய தப்பு, "ஐயோ வாய் உடைஞ்சு போச்சே"ன்னு நினைக்கிறது. ரோதேஸ் ஊர் ஃபெனாய் மியூசியத்துல சான் செர்னான் அம்மானு ஒரு கல்லு இருக்கு, 1888ல கிடைச்சது, உயரம் 1.20 மீட்டர்தான், சின்னப் புள்ள உயரம். கண்ணு இருக்கு, மூக்கு இருக்கு, ரெண்டு கன்னத்துலயும் கோடு கோடா (பச்சை குத்தினதா இருக்கலாம்), கழுத்துல அடுக்கு மாலை, மாருல ஒய் மாதிரி ஒரு தொங்கல், பெல்ட், கீழ விரலோட ரெண்டு காலு. வாய் மட்டும் கிடையாது. உடையல, செதுக்கவே இல்ல. ஏன்னு ஆளாளுக்கு ஒரு கதை விடுவாங்க, நம்பிடாதீங்க.

முன்னாடி ஒரு செல்ஃபி எடுத்துட்டு கிளம்பிடாதீங்க, பின்பக்கமும் வேலை இருக்கு, முடி, துணி மடிப்பு, சுத்தி வர்ற பெல்ட்டுன்னு.

ஆணா பொண்ணான்னு ஒரே பார்வைல முடிவு பண்றதும் ஆபத்து. மார்பும் மாலையும் இருந்தா பொண்ணு, தோள்ல இருந்து குறுக்க வார் போட்டு கத்தி மாதிரி ஒண்ணு தொங்கினா ஆணு, சரி, ஆனா சில கல்லுல பழசை அழிச்சு ஆண் பொண்ணுங்கிறதையே மாத்தி செதுக்கியிருக்காங்க!

நம்மாளுங்க உடனே "அட நம்ம நடுகல்லு"ம்பாங்க. நடுகல்லு செத்த வீரனுக்கு வச்சது, பல கல்லுல யாரு, எந்த ஆநிரைச் சண்டைன்னு எழுத்தே இருக்கும். இங்க எழுத்தே கிடையாது, முக்காவாசி தனியா வயல்ல கிடைச்சது, கீழ சமாதியும் இல்ல.

மத்தியதரைக் கடல்ல இருக்கிற கோர்சிகா தீவுல ஃபிலிதோசாங்கிற இடத்துக் கல்லு வேற கதை, வெண்கலக் காலம், வாளும் குத்துவாளும் நெஞ்சுலயே செதுக்கியிருக்கும். 1954ல இருந்து அங்க ஆராய்ஞ்ச ரோஜே குரோஜான், இது கடல் வழியா படையெடுத்து வந்த ஷர்தானாங்கிற கூட்டத்து எதிரிங்கன்னார். அத இன்னும் முடிஞ்ச உண்மையா எழுதுறாங்க, இப்ப ஆராய்ச்சியாளருங்க ஏத்துக்கிறதில்ல.

அப்புறம் வெளிய நிக்கிற கல்லப் பாக்க உச்சி வெயில்ல போகாதீங்க, செதுக்கல் ரொம்ப மேலோட்டம், ஒண்ணும் தெரியாது. சாயங்காலம் வெயில் சாஞ்சு விழும்போது கோடு தானா எழும்பும். தெரியலேன்னு சாக்பீஸ் போட்டு தேய்ச்சா கொலை விழும், ரூயெர்க் கல்லு பெரும்பாலும் மணற்கல்லுங்க.