ஈவோ-டீவோ ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கரு எப்படி உடலாகிறது என்று கேட்பது கருவளர்ச்சி உயிரியல். உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக எப்படி மாறின என்று கேட்பது பரிணாம உயிரியல். இரண்டு கேள்வியையும் சேர்த்துக் கேட்கிற துறைக்கு ஈவோ-டீவோ என்று பெயர். பாம்புக்குக் கால் எப்படிப் போனது, குகை மீனுக்குக் கண் ஏன் இல்லை என்பதெல்லாம் இங்கே தினசரிப் பேச்சு. கேள்விகள் அவ்வளவு அழகாக இருப்பதால், பதிலாக ஒரு நல்ல கதை கிடைத்ததும் மனம் நம்பிவிடுகிறது. நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

முதலாவது, உயிரினத்தை முதலில் பிடித்துக்கொண்டு கேள்வியை அப்புறம் தேடுவது. யாரும் தொடாத ஒரு விலங்கைப் பார்த்ததும் ஆசை வரும், சரி. ஆனால் அது வருடம் முழுக்க முட்டையிடுமா? ஆய்வகத்தில் இனப்பெருக்கம் செய்யுமா? ஒரு தலைமுறைக்கு எவ்வளவு காலம்? பழ ஈக்குப் பத்து நாள், ஜீப்ரா மீனுக்கு சுமார் மூன்று மாதம், ஸ்டிக்கிள்பேக் மீனுக்கு ஏறக்குறைய ஒரு வருடம். பேரக்குஞ்சுகள் வரை பார்த்தால்தான் விடை கிடைக்கும் என்றால், ஸ்டிக்கிள்பேக்கில் இரண்டு வருடம் போய்விடும். அந்தக் கணக்கை முனைவர் பட்டத்துக்குச் சேரும் அன்றே போட வேண்டும்.

ஆனாலும் மரபியலாளர் டேவிட் கிங்ஸ்லியின் குழு அந்த மீனையே எடுத்தது. அதற்குக் காரணம் இருந்தது. கடலில் வாழும் ஸ்டிக்கிள்பேக்குக்கு இடுப்பில் முள் உண்டு. பனியுகத்துக்குப் பின் ஏரிகளில் தங்கிப்போன பல கூட்டங்களுக்கு அது இல்லை. இரண்டையும் கலப்பினம் செய்ய முடியும் என்பதால், முள்ளுக்குக் காரணமான இடத்தை டி.என்.ஏ.வில் தேடிப் போக முடிந்தது. 2004-இல் பிட்எக்ஸ்1 என்ற மரபணுவில் வந்து நின்றார்கள். 2010-இல் முழு விஷயமும் தெரிந்தது: மரபணு பத்திரமாக இருக்கிறது, இடுப்பில் அதை இயக்கச் சொல்லும் டி.என்.ஏ. துண்டுதான் அழிந்திருக்கிறது. கேள்விக்குப் பொருத்தமான மீன் என்பது இதுதான்.

அடுத்தது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் மாதக்கணக்கில் உழைப்பைத் தின்றுவிடும். கருக்களை மணிக்கணக்கு வைத்து ஒப்பிடுவது. ஒரே நேரத்தில் இன்குபேட்டரில் வைத்த இரண்டு கோழி முட்டைகளே ஒரே வேகத்தில் வளர்வதில்லை. அதனால்தான் ஹாம்பர்கர், ஹாமில்டன் இருவரும் 1951-இல் கோழிக் கருவின் வளர்ச்சியை 46 நிலைகளாகப் பிரித்து வைத்தார்கள். கடிகாரத்தைப் பார்க்காமல், சோமைட் (பின்னால் முதுகெலும்பும் தசையும் ஆகும் திசுக் கட்டிகள்) எத்தனை, கால் மொட்டின் வடிவம் என்ன என்று கருவையே பார்த்து நிலையைச் சொல்ல வேண்டும். நான் முதன்முதலில் கோழிக் கருவையும் காடைக் கருவையும் நாலாம் நாளில் எடுத்துப் பக்கத்தில் வைத்தபோது, கால் மொட்டில் பெரிய வித்தியாசம் தெரிந்தது. காடை வேகமாக வளர்கிறது என்பதுதான் அந்த வித்தியாசம். வயதை ஒப்பிட்டுவிட்டுப் பரிணாமத்தைக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டேன். மூன்று வாரப் படங்களைத் தூக்கிப் போட வேண்டியிருந்தது.

நிறம் தெரிந்த இடத்திலெல்லாம் மரபணு இயங்குகிறது என்று எழுதிவிடுவது மூன்றாவது. கருவில் ஒரு மரபணு எங்கே இயங்குகிறது என்று பார்க்க அது இயங்கும்போது உண்டாகும் நகலான ஆர்.என்.ஏ.வோடு ஒட்டும் ஒரு துண்டை, அதாவது புரோபை, செலுத்தி ஊதா நிறம் வரவைப்போம். கருவின் மூளைக்குள் இருக்கும் வெற்றிடத்திலும் காதுப் பையிலும் அந்தப் புரோப் கழுவப்படாமல் தேங்கிக்கொள்ளும். கருவை வெகுநேரம் சாயக் கரைசலில் விட்டால் அங்கே அழகான ஊதா வந்துவிடும். தலையைக் குத்தித் துளையிட்டுக் கழுவினால் அது காணாமல் போகும். ஒட்டவே கூடாத ஒரு புரோபையும் கூடவே ஓட்டிப் பார்க்காமல் எந்தப் படத்தையும் நம்பாதீர்கள்.

சரி, நிறம் உண்மையானதே என்று வைத்துக்கொள்வோம். மரபணு அங்கே இயங்குகிறது என்பதோடு அதன் பேச்சு முடிந்தது. அந்த உறுப்பை அதுதான் உருவாக்குகிறதா என்று அறிய, அதை நிறுத்திப் பார்க்க வேண்டும். அதிலும் கவனம் தேவை. ஜீப்ரா மீனில் மார்ஃபோலினோ (மரபணுவின் வேலையைத் தற்காலிகமாகத் தடுக்கும் மூலக்கூறு) செலுத்திக் கண்ட பல குறைபாடுகள், அதே மரபணுவை வெட்டி எடுத்த மீன்களில் தென்படவில்லை என்பது 2015-இல் வெளிச்சத்துக்கு வந்து பெரிய விவாதமானது. அப்புறம் வெட்டி எடுத்த மீனிலேயே வேறு மரபணுக்கள் வேலையை ஈடுகட்டக்கூடும் என்றும் தெரிந்தது. ஒரே முறையில் கிடைத்த முடிவோடு நின்றுவிடக் கூடாது என்று இதனால்தான் சொல்கிறார்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது இன்னொன்று. ஒரே மரபணு என்றால் ஒரே உறுப்பு என்று முடிவு கட்டுவது. 1995-இல் வால்டர் கேரிங்கின் ஆய்வகம் எலியின் பேக்ஸ்6 மரபணுவைப் பழ ஈயில் இயக்கியபோது, இருக்கக் கூடாத இடத்தில் கண் வந்தது. வந்தது எலிக் கண் இல்லை, ஈயின் கூட்டுக் கண். மரபணு 'இங்கே கண்' என்று சொன்னது, எப்படிப்பட்ட கண் என்பதை ஈயின் உடல் முடிவு செய்தது. டிஸ்டல்-லெஸ் மரபணு பூச்சியின் கால் வளர உதவுகிறது, பட்டாம்பூச்சிச் சிறகின் கண்புள்ளியிலும் இயங்குகிறது. கண்புள்ளி காலிலிருந்து வந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பழைய மரபணுவைப் புதிய வேலைக்கு எடுத்துக்கொள்வது பரிணாமத்தில் சாதாரணம். பொது மூதாதையைச் சொல்ல வேண்டுமானால் வம்சாவளி மரம் வேண்டும், இடையில் உள்ள உயிரினங்களும் வேண்டும். ஒற்றுமையை மிகைப்படுத்துவது புதிதல்ல. ஜெர்மன் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1874-இல் வெவ்வேறு விலங்குகளின் கருக்களை ஏறக்குறைய ஒன்றுபோல வரைந்தார். 1997-இல் மைக்கேல் ரிச்சர்ட்சனும் சக ஆய்வாளர்களும் நிஜக் கருக்களின் புகைப்படங்களை வெளியிட்டபோதுதான் அவை எவ்வளவு வேறுபடுகின்றன என்பது பலருக்கும் உறைத்தது.

இன்றுள்ள எந்த விலங்கையும் 'பழமையானது' என்று எழுதாதீர்கள். மீன் போன்ற, முதுகெலும்பில்லாத சிறு கடல் விலங்கான ஆம்ஃபியாக்சஸ் நம் மூதாதை அல்ல. அதுவும் நம்மைப் போல அதே அளவு காலம் பரிணமித்து வந்திருக்கிறது.

இனி, தனியாக உட்கார்ந்து உழைப்பது. மரபியலாளர் எட்வர்ட் லூயிஸ், பழ ஈயின் உடலில் எந்தத் துண்டு எதுவாக வேண்டும் என்று தீர்மானிக்கும் பைதோராக்ஸ் மரபணுக்களோடு முப்பது வருடத்துக்கு மேல் இருந்து 1978-இல் அந்தப் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார் என்பதைப் படித்துவிட்டுப் பலர் தனிமையே வழி என்று எடுத்துக்கொள்கிறார்கள். 1995-இல் அவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட இருவரையும் பாருங்கள். கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷாஸும் ஹைடல்பர்க்கில் ஒரு சின்ன ஆய்வகத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். இருவர் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய இரட்டைத்தலை மைக்ரோஸ்கோப்பில் எதிரெதிரே உட்கார்ந்து, ஆயிரக்கணக்கான ஈ வம்சங்களின் கருக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். இது என்ன மாற்றம் என்று அங்கேயே பேசித் தீர்த்தார்கள். உடல் எப்படித் துண்டுகளாகப் பிரிகிறது என்பதைத் தீர்மானிக்கும் 15 மரபணுக்களை 1980-இல் அறிவித்தார்கள். நீங்கள் சேரப்போகும் ஆய்வகத்தில் உங்களோடு உட்கார்ந்து கரு பார்க்க ஆள் இருக்கிறாரா என்று சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.